பெயிண்டுக்குள்ளே இருந்த சூடு

போர்ட் பிளேயரில் வேகமாக ஓடுகிற போட்டு எதுவானாலும், அதன் பின்னால் தொங்குகிற டிரைவை ஒரு தடவையாவது நான் கழற்றி மாட்டியிருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைதான், இருக்கட்டும். அஞ்சாம் கிளாஸோடு படிப்பை விட்டுவிட்டு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன் நான். கம்பெனிக்காரன் கொடுக்கிற இங்கிலீஷ் புத்தகத்தில் படம் மட்டும் பார்ப்பேன். மிச்சத்தை இரும்பே சொல்லிவிடும்.

டிரைவ் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் போட்டுக்குள்ளே இருக்கும், புரொப்பல்லர் தண்ணீருக்குள்ளே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பின்சுவருக்கு வெளியே தொங்குகிற அலுமினியக் கால்தான் டிரைவ். இன்ஜினின் சுற்று அதன் தலைப்பகுதியில் கீழ்நோக்கித் திரும்பும், பாதத்தில் மறுபடி பின்நோக்கித் திரும்பும். தலைக்குள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் என் உள்ளங்கையில் அடங்கும். முந்நூறு குதிரையின் பலம், பல்லும் பல்லும் தொட்டுக்கொள்கிற ஒரு அரிசியளவு இடத்தின் வழியாகப் போகிறது. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். இன்றைக்கும் மூடியைத் திறந்தால் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், துறைமுகத்துக்கு அக்கரையில் பேம்பூ பிளாட் என்கிற ஊரில் இருக்கிற என் ஒர்க்ஷாப்புக்கு தீதி ஒரு மரப்பெட்டியோடு வந்தார். ஜங்லிகாட் மீன் சந்தையில் மொத்த மீன் வியாபாரம் செய்து, அந்தச் சம்பாத்தியத்தில் வேகப் போட்டு வாங்கிய பெங்காலி அம்மாள். டூரிஸ்டுகளை ஹேவ்லாக் தீவுக்குக் கூட்டிப்போகிற போட்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான், ஆனாலும் நான் தீதி, அதாவது அக்கா என்பேன், அவர் அண்ணா என்பார். பெட்டிக்குள்ளே சென்னையிலிருந்து கப்பலில் வந்த புதுப் பல்சக்கர செட். முதல் நாலு வருஷம் தொந்தரவே தராத டிரைவ், கடைசி இரண்டு சீசனில் இரண்டு செட்டை எரித்திருந்தது. வெளிக்கூடு மட்டும் பழசு, ஆரம்பத்திலிருந்து அதேதான்.

“அண்ணா, இது மூணாவது செட். இதுவும் எரிஞ்சா போட்டை மெயின்லேண்ட் பார்ட்டிக்குக் கொடுத்துட்டு, திரும்ப மீன் கூடை முன்னாடி உட்கார்ந்துடுவேன். பக்கா.”

அவர் பேசியது இந்தி. நான் தமிழில் எழுதுகிறேன், அந்தப் பக்காவை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

“என் கைக்கு வந்தாச்சில்ல, இனிமே எரியாது தீதி.”

“முதல் ரெண்டும் யார் கையில இருந்துச்சு?”

பெட்டியைத் தூக்கி வந்த அவருடைய போட்டு டிரைவர் சிரித்துவிட்டான். வடக்கே மாயாபந்தர் பக்கத்தில், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் ஜனத்து ஆள், நாற்பது வயது இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்குப் பத்தையும் சேர்த்துப் பேசினான்.

“உஸ்தாத், மழையில இது சாகாது. ரெண்டு தடவையும் நல்ல வெயில், கடல் கண்ணாடி மாதிரி. மழை பெஞ்சா எவ்வளவு முடுக்கினாலும் ஒண்ணும் ஆகல.”

ஸ்டியரிங் பிடிக்கிறவன் எனக்குச் சொல்லித்தருகிறானா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் மத்தியானச் சோற்றின் முன்னால் உட்கார்ந்தபோது கை சோற்றுக்குப் போகவில்லை. போட்டு வேகமெடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கி ஓடும். அப்போது டிரைவின் பாதம் மட்டும்தான் கடலுக்குள்ளே, தலை முழுக்க வெளியே. கீழே இவ்வளவு பெரிய கடல் இருக்கிறது, தலைக்கு ஒரு சொட்டு இல்லை. வானம் பார்த்து ஊற்றினால்தான் உண்டு. இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று மலைப்பாக இருந்தது.

மழைக்குக் காத்திருக்கிற ஆள் நானில்லை. எவர்சில்வர் குழாயை டிரைவின் தலையைச் சுற்றி வளைத்து, வரிசையாக ஓட்டை போட்டேன். போட்டின் அடிப்பக்கம் முன்னோக்கி வாய் திறந்த ஒரு குழாய் மூக்கைப் பொருத்தி இரண்டையும் இணைத்தேன். போட்டு ஓடுகிற வேகத்திலேயே கடல் மூக்குக்குள் ஏறி, தலைமேல் ஷவராகக் கொட்டும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. வேகம் கூடக்கூடத் தண்ணீரும் கூடும். வெளிநாட்டில் இதைக் கடையிலேயே விற்கிறார்களாம், பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் கடையைப் பார்த்துச் செய்யவில்லை.

புதுப் பல்சக்கரங்களை மாட்டி, வெயில் நாளாகப் பார்த்து முழு வேகத்தில் ஹேவ்லாக் வழியில் பாதி தூரம் போய்த் திரும்பினோம். படகுத்துறை ஜெட்டியில் கட்டியதும் டிரைவின் தலையில் கையை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

“ஐஸ் மாதிரி இருக்கு தீதி. என் கையைவிட மீட்டர் வேணுமா?”

ஆயில் திருகைத் திறந்தேன். கருகிய நாற்றத்தோடு கறுப்பாக ஒழுகியது. தீதி குனிந்து பார்த்தார்.

“இதுவா ஐஸ்?”

ஜெட்டிக் கட்டையில் உட்கார்ந்து போனை எடுத்து, மெயின்லேண்ட் பார்ட்டியிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டைப் பார்க்கச் சொன்னார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்திருக்கலாமென்று டிரைவைப் பிடித்தேன். ஆட்காட்டி விரல் சுர்ரென்று பொசுங்கியது. போட்டை ஏற்றி இறக்கும்போது உரசி, எட்டணா அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்த இடம் அது. இரண்டு விரற்கடை தள்ளிப் பெயிண்டின் மேல் தொட்டேன், வெதுவெதுப்பு. அலுமினியத்தின் மேல் தொட்டேன், தோசைக்கல். கடல் தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்தேன். பெயிண்டின் மேல் விழுந்தது உருண்டு ஓடியது, வெறும் இடத்தில் விழுந்தது துள்ளி மறைந்தது. சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பத் தெளித்தேன். இவ்வளவு நெருப்பு என் உள்ளங்கைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது, இந்தக் கைக்குத் தெரியவில்லை.

“தீதி, போனை வைங்க. சனிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க.”

“சனிக்கிழமைக்கு மேல ஒரு நாள் இல்ல, அண்ணா.”

அந்தப் பெயிண்ட் வேறு யாருடையதுமில்லை, என்னுடையது. செப்டம்பரில் பெங்காலிகளோடு சேர்ந்து விஸ்வகர்மா பூஜை, அதன் பின்னாலேயே நம் ஆயுத பூஜை. இரண்டு பூஜைக்கும் என்னிடம் வருகிற டிரைவுக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடித்து, பளபளவென்று ஆக்கி, குங்குமப் பொட்டு வைத்து அனுப்புவேன். முகம் தெரிகிற மினுமினுப்பு இருக்கும். என் பெயிண்டைப் பார்த்தே என் வேலை என்று சொல்வார்கள். பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்தது ஆறு வருஷம். போன மழையில் கொஞ்சமாவது உள்ளே இறங்கிய குளிர்ச்சி, கடைசிப் பூஜையில் ஏறிய கோட்டிங்கோடு அடைபட்டிருக்கிறது.

சுரண்டினோம், நானும் டிரைவரும். அலுமினியத்தில் கீறல் விழாமலிருக்க மரச் சில்லால். சிரட்டை கனத்தில் பெயர்ந்து வந்தது. உடைந்த விளிம்பில் ஏடு ஏடாக அடுக்கு தெரிந்தது. சில அடுக்குகளுக்கு நடுவே பழைய குங்குமம் சிவப்பாக மாட்டிக்கொண்டிருந்தது. அவன் ஒரு சில்லை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

“உஸ்தாத், இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தி விட்டிருக்கீங்க.”

“வாயை மூடிக்கிட்டுச் சுரண்டு.”

பல்சக்கரங்களைத் திறந்து பார்த்தேன். சூட்டில் இரும்பு எரிந்தால் பாயும் நீலம் இன்னும் பாயவில்லை, தப்பித்திருந்தன. உப்பு அரிக்காமலிருக்க ஒரே ஒரு மெல்லிய கோட்டிங் அடித்து, புது ஆயில் ஊற்றினேன்.

சனிக்கிழமை ஒரு துண்டு மேகம் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. தீதியும் ஏறிக்கொண்டார். ஹேவ்லாக் வரைக்கும் முழு முடுக்கு. நான் பின்பக்கம் முட்டி போட்டு, டிரைவையே பார்த்துக்கொண்டு வந்தேன். குழாயிலிருந்து கடல் அதன் தலையில் கொட்டியது. கொட்டிய இடத்திலிருந்து ஆவி வெள்ளையாகக் கிளம்பி, கிளம்பின கணமே காற்றில் கிழிந்து போனது. ஆறு வருஷமாக உள்ளேயே அடைந்து கிடந்த சூடு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே போய்க்கொண்டிருந்தது. கோயிலில்கூட நான் அப்படிக் கைகட்டி இருந்ததில்லை.

திரும்பி வந்து கட்டியதும் திருகை நான் திறக்கவில்லை, தீதியிடம் ஸ்பேனரைக் கொடுத்தேன். ஆயில் தேன் நிறத்தில் நூலாக இறங்கியது. அவர் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

“அப்போ முதல் ரெண்டு செட்?”

இந்த இடத்தில் வேறொருவன் கடலைச் சொல்லியிருப்பான், கம்பெனியைச் சொல்லியிருப்பான்.

“நான் அடிச்ச பெயிண்ட் எரிச்சது, தீதி.”

டிரைவர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்திவிட்டான். தீதி விரலில் இருந்த ஆயிலைத் துடைத்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“அச்சா. அந்த ரெண்டு செட்டுக்கு ரெண்டு வருஷம் சும்மா சர்வீஸ் பண்ணுங்க.”

“மூணு வருஷம் பண்றேன்.”

“ரெண்டு போதும். பெயிண்ட் டப்பாவை மட்டும் எங்கிட்ட கொடுத்துடுங்க.”

பிறகு போனை எடுத்து, நாளைக்கு வரவேண்டாம், போட்டு விற்பனைக்கு இல்லை என்றார். அந்தப் பக்கத்து ஆள் விலையைக் கூட்டிப் பேசினான் போலிருக்கிறது. இல்லை, இல்லை என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தார். அதற்குள் டிரைவர் காலை டிரிப்புக்கு டீசல் ஊற்ற டாங்க்கைத் திறந்து வைத்திருந்தான்.