குருவியின் மூக்கில் பதினாறு கிலோ

வாரத்தில் ஆறு நாள் நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஏழாவது நாள் ஸ்டியரிங்கைக் கண்டாலே குமட்ட வேண்டும். பஸ்ஸக்காவுக்குக் குமட்டவில்லை. டெப்போவில் அவளுக்கு அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் பேருந்தை மறந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் மேல் போர்த்திய துணியை உருவுவாள். அதற்குக் குருவி என்று பெயர். ஒரு பல் டாக்டர் ஆசைப்பட்டு வாங்கி, இடுப்பு பிடித்துக்கொண்டதும் வேண்டாமென்று தலையில் அடித்துக்கொண்டு விற்ற வண்டி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் அவள் கணவர் நல்ல கனமான மனிதர். முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதுல ஏறி உக்கார முடியாது. சட்டை மாதிரி மாட்டிக்கிட்டாத்தான் உண்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்படி ஒருத்திக்கு வாழ்க்கையில் என்ன குறை இருக்க முடியும்? இருந்தது. ஒரு வெள்ளிக் கோப்பை.

ஊரின் கார் கிளப் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் உச்சத்தில் இருக்கும்போது, பழைய குவாரிக்குப் போகும் மலைச்சாலையை அடைத்துவிட்டுப் பந்தயம் வைக்கும். ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறியவருக்கு, வருடா வருடம் கைமாறும் அந்தக் கோப்பை. சில வருடங்களாக அதை விடாமல் வாங்கிக்கொண்டிருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. வாங்கியவன் அதை வீட்டுக்குள் வைத்தானா? இல்லை. தன் பேட்டரிக் கடையின் கண்ணாடி ஜன்னலில், மேலே ஒரு விளக்கும் போட்டு வைத்தான். பஸ்ஸக்கா ஓட்டும் வழித்தடத்தில், அந்தக் கடைக்கு நேர் எதிரேதான் ஒரு நிறுத்தம். போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் ஏறி இறங்கும் வரை அவள் அந்தக் கோப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். தம்பி ஜன்னலருகே வந்து மஞ்சள் துணியால் அதைத் துடைப்பான். துடைத்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கையாட்டுவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அவள் தோற்றது அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில். எங்கே தோற்றோம் என்பதும் அவளுக்குத் தெரியும். பாதி மலையில் சாலை அப்படியே திரும்பித் தன் மேலேயே ஏறும் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே ஸ்டியரிங்கை ஒடித்தபோது குருவியின் மூக்கு உடனே வரவில்லை. நேரே போகப் பார்த்து, யோசித்து, பிறகு மனசில்லாமல் திரும்பியது. பேருந்தின் பின்புறம் கூட்டம் நெருக்கியடித்து நின்றால் வளைவில் வால் எப்படி வெளியே தள்ளும் என்பதை முதுகாலேயே அறிந்தவள் அவள். கனம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வண்டிக்கு முக்கியம். குருவியின் பேட்டரி முன் சக்கரங்களுக்கும் முன்னால், மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. ஈய பேட்டரி, பதினாறு கிலோ. தம்பி கடையில் வாங்கியதுதான்.

“லித்தியம் பேட்டரி போடப் போறேன்டா” என்று அவனிடமே போய்ச் சொன்னாள்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “அக்கா, பேட்டரின்னா தூக்கினா கை இறங்கணும். அதுதான் பேட்டரி. காத்து மாதிரி இருக்கறதை நம்பி மலை ஏறுவியா? அதுவும் என் அக்கா வேற கடையில வாங்கினான்னு தெரிஞ்சா என் மானம் என்னாகும்?”

“உன் மானத்தை விளக்குப் போட்டு வெச்சிருக்கியே, அது பத்தாதா?” என்றாள்.

இருப்பதிலேயே லேசானது எதுவோ அதை அவள் வாங்கினாள். இரண்டு கிலோகூட இல்லை. கணவர் அதை ஒற்றைக் கையில் தூக்கி, ஆஸ்பத்திரிச் சமையலறை வரை கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். மேலே பெரிய எழுத்தில் நாற்பது ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, எறும்பு வரிசை போலப் பொடி எழுத்தில், அது ஈய பேட்டரிக்கு ஈடாகச் சொல்லும் கணக்கு, உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்கே என்றும் இருந்தது. தூரத்து போர்டுகளைப் படித்துப் பழகிய கண், பொடி எழுத்தைப் படிக்கவில்லை. ஆறு நாள் அவள் பேருந்தில் இருக்க, ஷெட்டில் நின்ற குருவியின் திருட்டு அலாரம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அந்தக் குட்டி பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’ சத்தம்கூட இல்லை. ஈய பேட்டரி என்றால் சார்ஜ் ஏற்றி எழுப்பியிருக்கலாம். இது அடிமட்டம் வரை காலியானதோடு சரி, போயே போய்விட்டது. விஷயம் எப்படியோ தம்பி காதுக்கு எட்டிவிட்டது. திங்கட்கிழமை நிறுத்தத்தில் அவன் கையாட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேருந்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வேறு யாராவது என்றால் பழைய பேட்டரிக்கே திரும்பியிருப்பார்கள். அவள் விடாக்கண்டி. பைக் பந்தயக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு பெண்ணின் கடையில் போய் உட்கார்ந்து, இந்த முறை கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். நிஜக் கொள்ளளவு என்ன? காலியாகப் போகும்போது தானே துண்டித்துக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்ளுமா? என் வண்டி ஏற்றும் வோல்டேஜ் இதற்கு ஒத்துவருமா? பிளஸ் எந்தப் பக்கம், என் ஒயர் எட்டுமா? கடைசியில் அவள் எடுத்தது இருப்பதிலேயே லேசானது அல்ல. நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

“இன்னொண்ணு அக்கா” என்றாள் கடைக்காரி. “கடும் குளிர்ல இது முதல்ல சோம்பல் முறிக்கும். பயந்துடாதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. கரண்ட் ஓடினா உள்ளே சூடு ஏறும், அப்புறம் எழுந்துக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருட்டு அலாரத்தைக் கழற்றினாள்.

“யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?” என்று கேட்டார் கணவர்.

“திருடன் உள்ள நுழைஞ்சா வெளிய வரத் தெரியாது. காலையில நீங்க போய் டீ குடுங்க.”

பந்தய நாள் காலையில் குளிர் எலும்பு வரை இறங்கியது. கிளப்பின் விதி ஒன்று உண்டு: கோட்டில் எல்லா வண்டியும் இஞ்சினை அணைத்து நிற்க வேண்டும்; கொடிக்காரர் சொன்னபின் இரண்டு நிமிடத்துக்குள், தன் பேட்டரியாலேயே கிளம்ப வேண்டும். வெளியிலிருந்து ஒரு ஒயர் பட்டாலும் ஆட்டம் காலி. தம்பி முன்பே ஏறி, தன் பழைய நேரங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு நேரத்தை எடுத்துவிட்டு இறங்கி வந்து, வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்த முகத்தோடு கோட்டருகே நின்றான். பஸ்ஸக்கா வரிசையில் நிற்கும்போதே விளக்கைப் போட்டுச் சூடேற்றலாம் என்றிருந்தாள். ஆனால் முன்னால் நின்ற இரண்டு வண்டிகள் கோளாறாகி விலகிக்கொள்ள, கொடிக்காரர் திடீரென்று அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒருமுறை முனகி நின்றது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் சாவியை மறுபடி திருப்பாமல், கையை நீட்டி ஹெட்லைட்டைப் போட்டாள். சாகக் கிடக்கும் பேட்டரியில் விளக்கு வேறு போடுகிறாளே என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன். ஜம்பர் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, “அக்கா, லைட்டை அணைக்கா, நான் கரண்ட் குடுக்கறேன், நான் குடுக்கறேன்” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். விதி, கோப்பை எதுவும் அவன் தலையில் இல்லை. குருவிக்கு இரண்டடி முன்னால் அவனை அவள் கணவர் மறித்தார். மறிப்பதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. நடுவில் வந்து நின்றார், அவ்வளவுதான். அவரைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

“நில்லு மச்சான். அவ ஏதோ சமைக்கிறா. சூடாகட்டும்.”

கொடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ, இதோ என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகு விளக்கை அணைத்துச் சாவியைத் திருப்பினாள். ஒரே சுற்று. குருவி சீறிக்கொண்டு எழுந்தது.

கொடி விழுந்தது. முதல் வளைவு, பாறை ஓரம், பாலம் எல்லாம் எப்படிப் போனது என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. நினைவில் நின்றது அந்த ஒரு வளைவுதான். ஸ்டியரிங்கை ஒடித்தாள், மூக்கு கேள்வி கேட்காமல் திரும்பியது. அவள் தலைக்கவசத்துக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம். உச்சியில் பலகையில் நேரம் வந்தபோது, தம்பியைவிட ஒரு நொடிக்கும் மேல் குறைவாக இருந்தது.

அவள் இறங்கி வந்தபோது தம்பி கேபிளைத் தோளிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

“அது மட்டும் பட்டிருந்தா நீ அவுட்டுக்கா. எனக்குத் தோணவே இல்ல.”

“தெரியும்டா. பாசத்தாலயே என்னைத் தோக்கடிச்சிருப்ப” என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் கண் கலங்கியதையும் பார்த்தாள். அவன் தோளில் தொங்கிய கேபிளைத் தானே எடுத்துச் சுருட்டினாள்.

திங்கட்கிழமை பேருந்து வழக்கம்போல அந்த நிறுத்தத்தில் நின்றது. கடை ஜன்னலில் வெறும் விளக்கு மட்டும் எரிந்தது. கோப்பை பேருந்தின் முன் கண்ணாடிக்குக் கீழே, ஊரே பார்க்கும்படி உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஏறிய பிறகும் பஸ்ஸக்கா கதவை மூடவில்லை. தம்பி கடையிலிருந்து மெல்ல வந்தான். கையில் மஞ்சள் துணி. படியில் ஏறி, குனிந்து, கோப்பையை விளிம்பிலிருந்து அடிவரை துடைத்தான்.

“ரோட்டுத் தூசி ஜாஸ்திக்கா. தினமும் துடைக்கணும்.”

“ஆமாடா” என்றாள் அவள், கியரைப் போட்டபடி. “போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் இங்கதான் நிப்பேன். துணியோட நில்லு.”