முந்தின ஸ்டேஷனில் இறங்கியவர்

போன வருடம் மகன் எங்கள் இருவரையும் ஒரு டூர் கோஷ்டியோடு அனுப்பி வைத்தான். விசில் ஊதி இறக்கினார்கள், விசில் ஊதி ஏற்றினார்கள். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். கோவில் வாசலைத் தொடுவதற்குள் திரும்பச் சொல்லி விசில் வந்துவிடும். பாதி ஊர்களை பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன், மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக. பம்பாயில் செம்பூர் வீட்டுக்குத் திரும்பியதும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், இனி போவதென்றால் நாம் இரண்டு பேர் மட்டும், என் கால் போகிற வேகத்தில்.

தாணேயில் இருக்கும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "அம்மா, உன்னால தனியா ட்ரெயின விட்டு எறங்கக்கூட முடியாது. அப்பா கைய விடாத. ஏதாவது லஃப்டா ஆச்சுன்னா இதுதான் லாஸ்ட் டிரிப்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். இந்த ஒரு பயணம் ஒழுங்காக நடந்தால்தான் அடுத்தது.

கொங்கண் கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்குக் கிளம்பினோம். எல்லா இடத்திலும் நின்று நின்று போகும் பாசஞ்சர் ரயில். அவசரமே இல்லாத வண்டி, எனக்கென்றே விட்டது போல. ஜன்னலோரம் உட்கார்ந்து வடாபாவ் சாப்பிட்டேன். மனசு நிறைந்திருந்தது.

என் வீட்டுக்காரர்தான் நிலைகொள்ளவில்லை. ஆயுசில் பாதியை லோக்கல் ரயிலில் கழித்தவர். பம்பாய் லோக்கலில் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசலுக்கு நகர்ந்துவிட வேண்டும். வண்டி நிற்பதற்குள் குதித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏறுகிற கூட்டம் உள்ளே தள்ளிவிடும். மனிதர் ரிட்டயர் ஆகிவிட்டார், அவருடைய கால்கள் இன்னும் ஆகவில்லை.

"ஏளா, எந்தி. வெரசா வா" என்று இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"இன்னும் ரெண்டு ஸ்டேஷன் இருக்குங்க. உக்காருங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

வாசலில் கடலைக் கூடையோடு ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். அவரிடம் போய், இறங்கப் போகிறாரா என்று லோக்கலில் தாதர் வரும்போது கேட்பது போலவே, "உதர்னா ஹை க்யா?" என்றார். அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் வண்டி வேகம் குறைத்ததுதான் தாமதம், இவர் குதித்துவிட்டார்.

"இது நம்ம எடம் இல்லங்க!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு பைகளோடும் கொஞ்ச தூரம் கூடவே ஓடினார், பிறகு நின்றுவிட்டார்.

உடனே போன் வந்தது. "தனியா எறங்கிருவியாட்டி?" என்று கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம், கடைசியில் பயம். கால் இடறி விழுந்தால் காலோடு போகாது, இனி வீட்டை விட்டு நகரவே விடமாட்டான் மகன்.

எங்கள் ஊர் வந்தது. பிளாட்பாரம் படிக்கு வெகு கீழே கிடந்தது. ஒரு காலை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. அப்போதுதான் தாராவி ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அங்கே எங்கள் அறை மேலே இருந்தது, ஏறி இறங்க இரும்பு ஏணிதான். கையில் பிள்ளையோடும் இறங்கியிருக்கிறேன். முதுகை வெளிப்பக்கம் காட்டித் திரும்பி, இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மடக்கி, ஆபரேஷன் செய்த காலை முதலில் கீழே விட்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன? உள்ளேயிருந்து ஒரு மராத்தி அம்மாள் "சாவகாஷ், சாவகாஷ்" என்று, மெதுவாக இறங்கும்படி, சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கால் தரையைத் தொட்டதும் அவளே கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். வெகுநேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார், முகம் வெளிறி, சட்டையெல்லாம் வேர்வை. என்னை முழுசாகப் பார்த்த பிறகுதான் பைகளைக் கீழே வைத்தார். பாவமாக இருந்தது, நகர்ந்து இடம் கொடுத்தேன்.

மகன் கூப்பிட்டான். சொல்லாதே என்று இவர் கையை ஆட்டினார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அப்போ இனிமே எப்படிம்மா ஒங்கள அனுப்புறது?" என்றான்.

"நீ சொல்றதும் சரிதாம்ல. அப்பாவத் தனியா விட முடியாது. இனிமே எங்க போனாலும் நான் கூடப் போறேன்" என்றேன்.

இவர் எழுந்து, இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, என் பின்னால் நடந்து வந்தார்.