தாழ்ப்பாள் போட்டுக் குளித்த ஏகாம்பரம்

பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் நான் உளவியல் ஆலோசகர். "நுரையீரல் அடைப்பு நோய்க்கு கவுன்சிலிங் என்ன செய்யும் மேடம்?" என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பார்கள். நான் ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்வேன்.

அம்பத்தூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்திருந்தன. முதல் நாள் என் அறைக்குள் வந்தவர் உட்காராமல் சண்டைக்கு நின்றார்.

"இன்னாத்துக்கு மேடம் என்னை இங்க அனுப்பிக்கீறாங்க? கோளாறு நெஞ்சுல. மண்டையில இல்ல."

"சரிங்க. மூச்சு வாங்குதுன்னு எதையெல்லாம் விட்டுட்டீங்க?"

கூட வந்த மனைவி கௌரிதான் சொன்னார்.

"குளிக்கிறதயே உட்டுட்டாரு மேடம். ஒரு தபா பாத்ரூம்ல மூச்சு முட்டிப்போச்சு. அப்பலேர்ந்து கதவ சாத்தவே பயம். நான்தான் ஈரத்துணியால தொடச்சு உடறேன். தனியா உட்டுட்டு எங்கியும் போவ முடியல. என் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையும் போச்சு."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "உள்ள போனா செத்துருவேன்னு தோணுது மேடம்."

நுரையீரல் மருத்துவரைக் கேட்டேன். மெதுவாகப் படி ஏறலாம், குளிக்கலாம், தடையில்லை என்றார். மறுவாரம் ஏகாம்பரத்தின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். பாதியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர கூப்புடு மேடம். போச்சு, அவ்ளோதான்!"

"மீட்டரைப் பாருங்க. ஆக்சிஜன் இறங்கலை. மூச்சு வாங்குது, ஆனா நிக்கலை. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க."

ஊதினார். தோள்கள் தளர்ந்தன. படபடப்பு குறைந்தது. மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் ஊசி போடல. தானா அடங்கிச்சா?"

அன்றுதான் எங்கள் வேலை தொடங்கியது. எந்த மூச்சுத்திணறலுக்கு உட்கார்ந்து ஊத வேண்டும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்று இருவருக்கும் கற்றுக்கொடுத்தேன். வீட்டுக் குளியலறையில் ஸ்டூல் போடச் சொன்னேன். முதலில் கதவு திறந்தபடி குளித்தார், கௌரி வாசலில். அப்புறம் கதவை ஒருக்களித்து, கௌரி சமையலறையில். அப்புறம் சாத்தி.

ஒரு காலையில் ஓ.பி. வரிசையைத் தாண்டி, கௌரியோடு நேராக என் அறைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, முகத்தில் பவுடர்.

"மேடம், இவ மார்க்கெட்டுக்குப் போய்ட்டா. ஊட்ல யாருமில்ல. சுடுதண்ணி ஆவி முட்டிக்கினு வந்துச்சு. தாப்பாள்ல கைய வெச்சேன். ஆனா தொறக்கல மேடம்! குந்திகினு ஊதினேன். அடங்கிச்சு. சோப்பு போட்டு முழுசா குளிச்சுட்டுத்தான் வெளிய வந்தேன்."

பின்னால் நின்ற கௌரி, "வந்து பாத்தா தலைய தொவட்டிகினு கீறாரு மேடம்!" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

சில மாதம் கழித்து ரிவியூவுக்கு வந்தபோது ஏகாம்பரம் மட்டும்தான் வந்தார். திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில், தனியாக.

"கௌரி எங்கே?"

"கம்பெனில திரும்ப சேந்துட்டா. ஷிஃப்ட்டுக்குப் போய்க்கீறா மேடம்," என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நுரையீரல் பழையபடி ஆகவில்லை, ஆகவும் ஆகாது. இன்ஹேலர் இன்றும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் அடைபட்டுக் கிடந்த இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: "பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பயம் வரும் நேரத்தில் கூட நில்லுங்கள். அது அடங்குவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.