மாமாவின் காருக்கு ஒரு மணி நேர இன்சூரன்ஸ்

காருக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான். இல்லாதவர் காரின் சொந்தக்காரர். அவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. சாவியை வட லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு மாமியோடு யாழ்ப்பாணம் போயிருந்தார்.

அன்று சனிக்கிழமை. லூயிஷாம் கோயிலுக்கு மதியப் பூசைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். நாங்களும் தற்செயலாக வந்தவர்கள்போல அங்கே நிற்க வேண்டும். அவர்கள் அக்காவைப் பார்க்க வேண்டும். பூசை முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். இந்தச் சம்பந்தத்துக்காக அம்மா ஒரு வருடமாகத் தொலைபேசியில் பாடுபட்டிருந்தார். "பஸ்ஸிலை போய் இறங்கினால் என்ன நினைப்பினம்?" என்றார். ஆகவே கார். அப்பாவுக்கும் அக்காவுக்கும் லைசன்ஸ் இல்லை. எனக்கு ஏழு மாதமாக இருந்தது, நாலாவது டெஸ்டில் கிடைத்தது. கார்தான் இல்லை.

மாமாவிடம் கேட்டேன். "என்ர இன்சூரன்ஸ் ஃபுல் கவர், தம்பி. லைசன்ஸ் உள்ள ஆரும் ஓடலாம். பயப்பிடாதை."

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் கடைசி வரி வரை வாசிப்பது என் பொறுப்பு. மாமாவின் பத்திரத்தையும் வாசித்தேன். கார் ஓடலாம் என்று இரண்டே பெயர்கள் இருந்தன: மாமா, மாமி. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் லைசன்ஸில் ஆறு தண்டப் புள்ளி. லைசன்ஸ் எடுத்த இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் லைசன்ஸே போய்விடும்.

எனக்கென்று ஒன்று வாங்கலாமென ஒரு கம்பெனிக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் கார் இலக்கத்தைக் கேட்டாள். எனக்குக் கார் இல்லை என்றேன்.

"அப்படியென்றால் எதை இன்சூர் பண்ணப் போகிறீர்கள்?" என்று மிகவும் அன்பாகக் கேட்டாள்.

இந்த நாட்டில் கார் இல்லாதவன் சும்மா இருக்கும்வரை இன்சூரன்ஸ் தேவையில்லை. யாருடைய காரையாவது ஓட்டினால், அந்தக் காரை அவன் ஓட்டுவதற்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். மணிக்கணக்கிலும் வாங்கலாம் என்று அவளே சொல்லித் தந்தாள். அப்பாவிடம் விளக்கினேன்.

"வாடகைச் சைக்கிள் மாதிரி எண்டு சொல்லன்," என்றார்.

ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கிட்டேன். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை; எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். பத்து முப்பத்தைந்துக்குத் தொடங்கும்படி முதல்நாளே பணம் கட்டிவிட்டேன்.

எல்லாரும் ஏறி பெல்ட் போட்ட பிறகு அம்மா கைப்பையிலிருந்து கோயில் கலண்டரை எடுத்தார். அது லண்டன் சூரியனை வைத்துக் கணித்தது. ஆனி மாதம். பகல் நீண்டால் ராகு காலமும் நீளுமாம். பத்து ஐம்பத்தெட்டு வரை போட்டிருந்தது.

"ஸ்ராட் பண்ணாதை."

"அம்மா, இன்சூரன்ஸ் தொடங்கீட்டுது!"

"அது தொடங்கட்டும். நாங்கள் தொடங்கேலாது."

இருபத்து மூன்று நிமிடம் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் நாயோடு போகும்போது கையசைத்தார். நாயோடு திரும்பி வரும்போதும் கையசைத்தார்.

தேம்ஸ் சுரங்கப் பாதைக்கு முன்னால் வாகனங்கள் அசையாமல் நின்றன. பதினொன்று இருபத்தொன்பதுக்கு ஒரு பக்கத் தெருவில் திருப்பி நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினனீ?" என்றார் அப்பா.

"ஆறு நிமிசத்திலை இன்சூரன்ஸ் முடியுது. திரும்ப வாங்க வேணும்."

"ஆர் பாக்கப் போறான்? நெத்தியிலையே எழுதியிருக்கு?"

"பிடிச்சால் லைசன்ஸ் போயிடும், அப்பா. நாலு தரம் டெஸ்ட் எடுத்தனான்."

"அஞ்சாந்தரமும் எடுக்கிறது."

போனில் படிவம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது: பெயர், பிறந்த தேதி, தொழில், கார் யாருடையது. பின் சீட்டிலிருந்து அம்மா புலம்பினார். "பன்னிரண்டுக்குப் பூசை. முடிஞ்ச உடனை போயிடுவினம். ஒரு வருசம் பாடுபட்டனான்..."

அப்போது அக்கா தன் போனைக் காதில் வைத்தாள்.

"நாங்கள் வரப் பிந்தும். தம்பியின்ர இன்சூரன்ஸ் முடியப்போகுதாம். சிரியாதையும். உம்மடை அம்மா அப்பாவை அன்னதானத்துக்கு இருத்தி வையும்."

நான் படிவத்தில் தொழிலை மறந்துபோனேன்.

"ஆரோடை கதைச்சனீ?" என்றார் அம்மா.

"மாப்பிள்ளையோடை."

"உனக்கு எப்பிடி நம்பர்?"

"மூண்டு மாசமா இருக்கு. நீங்கள் படம் காட்டின கிழமையே தேடிப் பிடிச்சிட்டன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப நான் என்னத்துக்கடி ராகு காலம் பாத்தனான்?" என்றார் அம்மா.

இந்தத் தடவை இரண்டு மணி நேரத்துக்கு வாங்கினேன். பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் பெற்றோர் இன்னும் வாழையிலைக்கு முன்னால் இருந்தார்கள்; அவர்களுக்கு மூன்றாம் தடவையாகப் பாயசம் வார்த்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளைதான். அக்காவை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல விழித்தார். அவ்வளவு மோசமான நடிப்பை நான் கண்டதில்லை. அவருடைய அம்மா மட்டும் எதையும் கவனிக்காமல், அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். சம்பந்தம் அங்கேயே சரிவந்தது.

இரண்டு அம்மாக்களும் ஆறுதலாகக் கதைக்கட்டும் என்று, திரும்பி வருவதற்கு மூன்று மணி நேரத்துக்கு வாங்கினேன். போக இரண்டு பத்திரம், வர ஒன்று: இன்சூரன்ஸ் மட்டும் ஐம்பத்து மூன்று பவுண் நாற்பது பென்ஸ்.