எறும்பக்கா எடுத்த ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு எறும்பக்கா என்று பெயர். அவள் ஊசி இறக்கினால் எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது. அழுதே தீருவது என்று முடிவெடுத்து வரும் குழந்தைகள் ஏமாந்து போகும்.

வைரஸ் காய்ச்சல் ஒன்று அவளை ஐந்து நாள் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் பழைய ஆளாக அவள் எழுந்திருக்கவில்லை. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. குளியலறைக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டியது. தாழ்ப்பாள் போடாமல் குளித்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த அன்று சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. அதற்காக உட்கார்ந்து அழுதாள்.

"உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு சொன்னாத்தானே தெரியும்? உங்க இடத்துலயே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடேன்" என்றார் கணவர்.

நல்ல மனுஷன்தான், பாவம். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் போய் அவள் மாட்டிக்கொண்டாள். மற்றவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடுவார்கள். ஊசி கையிலேயே இருப்பவளை யார் தடுப்பது? செவ்வாய்தோறும், ஆட்கள் வருமுன், ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். பயந்து நடுங்குகிறவள் என்று தெரிந்தால் யார் அவளிடம் கையை நீட்டுவார்கள்? அதனால் சீட்டில் செத்துப்போன அத்தையின் பெயரை எழுதினாள். போன் நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் நகரவில்லை. தன் நம்பரையே கொடுத்தாள்.

சர்க்கரை, தைராய்டு, உப்பு, எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலும் அவளுக்கு ஒரு கதவைச் சாத்தியது. நோய் என்று ஒன்று அகப்பட்டால்தானே வாய்விட்டுச் சொல்லலாம்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, சத்தம் போடாமல் அடுத்த செவ்வாய்க்குக் காத்திருந்தாள்.

ஒன்பதாவது செவ்வாயன்று, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எறும்பு, இந்தம்மாவை நீ பாத்திருக்கியா? ஒம்போது வாரமா வர்றாங்க."

"பாத்த மாதிரிதான் இருக்கு மேடம்."

"முதல் சீட்டுல வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம்னு போட்டிருக்கு. சில பேருக்குக் காய்ச்சல் விட்டப்புறம் பயமும் அழுகையும் வந்து பிடிச்சுக்கும். அதுவும் நோய்தான், வைத்தியம் இருக்கு. நம்ம மெஷின்ல அது தெரியாது. இதைச் சொல்ல ஆளில்லாம கையைக் குத்திக்கிட்டே இருக்காங்க, பாவம். இரு, நானே பேசறேன்."

மேஜைப் போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

எறும்பக்காவின் கோட்டுப் பையில் மணி அடித்தது. உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். போனை வைக்கவில்லை.

"எடும்மா" என்றார்.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் போனிலேயே சொன்னாள்.

"எனக்கு முடியலை மேடம்."