விறைத்த கையைப் பிடித்தவள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் குருநகர்க் கரையில் படகுப் பட்டறை போட்டேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, படகு வார்க்கும் அச்சும் இல்லை, மறுபடியும் போட்டேன். கல்வீடு கட்டினேன். பிள்ளைகளைப் படிப்பித்தேன். இன்றைக்கு இந்தக் கரையில் நிற்கும் பைபர் படகுகளில் பாதிக்குமேல் என் கை பட்டவை. ஒருவரும் ஓர் ஆணி தந்து உதவவில்லை.

அந்தக் கைதான் போன வருடம் முறிந்தது. அச்சிலிருந்து கழற்றும்போது படகு சரிந்து முன்கையில் விழுந்துவிட்டது. தகடு வைக்கவேண்டும் என்றார்கள். எனக்கு நெஞ்சு வருத்தம் இருந்ததால் முழு மயக்கம் கொடுக்க டொக்டர் விரும்பவில்லை.

"ஐயா, தோளடியிலை விறைப்பு ஊசி ஒண்டு போடுவம். கை மட்டும் நித்திரை கொள்ளும், நீங்கள் முழிச்சிருக்கலாம்."

ஸ்கான் திரையைப் பார்த்துப் பார்த்துக் காறை எலும்புக்கு மேலே ஊசியை இறக்கினார். கை சூடாகி, கனத்து, பிறகு இல்லாமலே போய்விட்டது. தைத்து முடியும்வரை அவர்களுக்குப் படகுக் கதை சொன்னேன். அப்படியொரு நோயாளியை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள்.

பின்னேரம் மனைவி வந்தாள். நாலு பேர் முன்னால் என்னைத் தொடாதவள், கட்டிலருகே இருந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரன் விட்டானா?

"அண்ணை, கலியாணப் படம் எடுக்கவோ?"

"கலியாண நாளண்டும் இவர் கையை உதறிப்போட்டு வள்ளம் பார்க்கப் போனவர் தம்பி. இண்டைக்குத்தான் ஓடேலாமல் கிடக்கிறார்" என்றாள் அவள். வார்ட்டே சிரித்தது. பிறகு மெதுவாக, "இஞ்சருங்கோ, ஒருக்காப் பிடியுங்கோவன்" என்றாள்.

"விறைச்சுப்போச்சப்பா."

அவள் விடவில்லை. என் விரல்களுக்குள் அவளுடைய விரல்கள். யாரோ இருவரின் கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிடி, பிடி என்று கைக்குச் சொன்னேன். நெற்றி வேர்த்தது, ஒரு விரல்கூட அசையவில்லை. மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

அவள் போனபின்தான் பெருவிரல் சுள்ளென்றது. பின்னால் நோவு வந்தது. நோவு எனக்குப் பெரிதில்லை. அவள் பிடித்திருந்த சூடு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று மற்றக் கையால் தடவித் தேடினேன்.

அந்த வருட மாரி மழைக்கு முன்னமே, நெஞ்சடைத்து, அவள் சொல்லாமல் போய்விட்டாள். இப்போது கையில் எல்லாம் தெரிகிறது: உப்புக் காற்று, மழைக்குளிர், தகட்டின் கனம். பின்னேரங்களில் அதை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

ஆண்டு நினைவு மலருக்கு மகள் எழுதியதை நேற்று வாசித்துக் காட்டினாள். அப்பா அசையாமல் கிடக்க, அம்மா மணி அடிக்கும்வரை அவரின் கையைப் பிடித்திருந்தாவாம்.

"அசையாமல் எண்டதை வெட்டு பிள்ளை."

"அம்மாதானே அப்பா அப்பிடிச் சொன்னவ."

"கொம்மாவுக்கு என்ன தெரியும்? கை போகேல்லை, அது ஊசியின்ரை வேலை. நானும் பிடிச்சனான். அதைப் போடு. பெரிய எழுத்திலை போடு."