மாட்டு மாவு

மேகலாவின் மாட்டை ஊரில் கம்பெனி மாடு என்பார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள், குழந்தை பிறந்து வேலையை விட்டபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் வாங்கிய மாடு அது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிச் சிவந்த பிறகு அவர்களுடைய அரை ஏக்கரில் வேர்க்கடலை வருவதில்லை. மாட்டுப் புல் மட்டும் வளர்கிறது. தண்ணீரைக் கெடுத்தது தோல் பதனிடும் ஷாப்புகள். அவற்றில் ஒன்றில்தான் அவள் கணவன் நவநீதனுக்குக் கூலி வேலை, அதுவும் கூப்பிட்டால். கூப்பிடாத நாட்களில் வீட்டை மாடு நடத்தியது.

பால் முழுக்கச் சொசைட்டிக்குப் போகும். மூன்று வயது ஹரிணிக்குக் காலையில் பாலில்லாத டீயும் அதில் நனைத்த பொறை ரொட்டியும்.

கோடையில் பால் தண்ணியாகிவிட்டது. சொசைட்டியில் டிகிரி கம்மி என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சமயம் பால்வாடியில் ஹரிணிக்குக் கொடுத்த சத்துமாவுப் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. குழந்தை அதை வாயில் வைத்தால் துப்பிவிடும். வீணாகிறதே என்று மேகலா கழுநீர்த் தொட்டியில் கரைத்தாள். மாடு தொட்டியை நக்கித் துடைத்தது. சில நாளில் பால் தேறிவிட்டது. மாடு தின்றால் பாலாகும், பால் அரிசியாகும், அரிசி குழந்தைக்குத்தானே என்று அவள் சொல்லிக்கொண்டாள். ஊரில் வேறு வீடுகளிலும் நடப்பதுதான். யாரும் பேசிக்கொள்வதில்லை. அடுத்து வந்த பாக்கெட்டுகளை அவள் குழந்தைக்குக் காட்டக்கூட இல்லை.

எடை பார்க்கும் நாளில் மற்ற தாய்மார்களும் வந்திருந்தார்கள். பால்வாடி டீச்சர் மெர்சி ஹரிணியை எடைமெஷினில் நிறுத்தினாள். இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தினாள். போன தடவையைவிடக் குறைந்திருந்தது. வீட்டில் மாடு இருக்கிறதே, பால் தருகிறாயா என்று கேட்டாள். தருகிறேன் என்றாள் மேகலா. மாவு? அதுவும் தினம் தருகிறேன்.

மெர்சி மாவை வெந்நீரில் பிசைந்து, உருண்டை பிடித்து, குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஹரிணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சாப்டு கண்ணு."

"வேணா மிஸ். அது மாட்டு மாவு. நான் துன்னா மாடு கத்தும்."

முதலில் சிரித்தவள் பக்கத்து வீட்டு நிஷா. "அதான பாத்தேன், கம்பெனி மாட்டுக்கு மட்டும் டிகிரி ஜாஸ்தியா காட்டுதேன்னு." எல்லோரும் சிரித்தார்கள். நிஷா வீட்டு ஆடுகள் எதைத் தின்கின்றன என்று மேகலாவுக்குத் தெரியும். மெர்சி சிரிக்கவில்லை. மேகலாவின் முகத்தைப் பார்க்காமல் எடைமெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மேகலா குழந்தையை அறைந்தாள். "இன்னாடி பொய் சொல்ற? எவ சொல்லிக் குடுத்தா?"

"அவள அடிக்காத மேகலா," என்றாள் மெர்சி. சிரிப்பு நின்றுவிட்டது. ஹரிணி அழவில்லை. தான் சொன்னதில் எது தப்பு என்று தேடுவதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சாயங்காலம் நவநீதன் வருவதற்கு முன்பே மேகலா பால் கறந்தாள். கேனில் ஊற்றும் முன் ஒரு டம்ளர் எடுத்துக் காய்ச்சி, ஆற்றி, ஹரிணியிடம் நீட்டினாள். குழந்தை உடனே வாங்கவில்லை. வாசலைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் குடித்தது. உதட்டில் ஒட்டியிருந்ததைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தது, தடம் தெரியாதபடிக்கு.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா," என்றாள் ஹரிணி.

சொன்னால் என்ன, சொல்லு என்று மேகலா சொல்லியிருக்கலாம். டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.